பூஜ்யத்தில் இருபது சதவீதம்

உலகம் சூடாகிக்கொண்டிருக்கிறது என்ற தகவல் நுகதேரா கிராமத்துக்கு அதிகாரபூர்வமாக வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே கடல் கிணறுகளுக்குள் புகுந்து நீரை உப்பாக்கிவிட்டிருந்தது. கரையோரத் தென்னைகளில் இரண்டு வரிசை அலையோடு போய்விட்டிருந்தன. ஆனால் அவையெல்லாம் வெறும் நிகழ்வுகள், தகவல் ஆகா. தகவல் என்பது விமானத்தில் வருவது.

வாரம் ஒருமுறை வரும் அந்தச் சின்ன விமானத்திலிருந்து இருவர் இறங்கினார்கள். ஒருத்தி பிரிஸ்பேனிலிருந்து வந்த ஆலோசகர் இமோஜென். மற்றவன் தலைநகரில் வேலை பார்க்கும் கைதாரா. 'வீட்டளவிலான வெப்பத் தணிப்பு முன்னோடித் திட்ட'த்தின் கள அலுவலர். அவர்களுக்கு முன்பே கப்பலில் பத்துத் தண்ணீர்த் தொட்டிகள் வந்து, தீவு மன்ற அலுவலகத்தின் முன்னால் வரிசையாக நின்றிருந்தன. ஒவ்வொன்றும் ஐயாயிரம் லிட்டர் கொள்ளும், பச்சை நிறம். பயனாளிகள் தேர்வு செய்யப்படும் முன்பு தவறுதலாக மழைநீர் உள்ளே சென்றுவிடக் கூடாது என்பதற்காக அவற்றின் வாய்கள் ஒட்டுநாடாவால் முறைப்படி மூடப்பட்டிருந்தன.

மகுரீட்டா அந்தத் தொட்டிகளைத் தினமும் இரண்டு முறை கடந்து போவாள். ஊரின் மறுகோடியில் தேவாலயத்துக் கிணறு ஒன்றுதான் இன்னும் பாதி நல்ல தண்ணீராக இருந்தது. காலையில் இரண்டு வாளி, மாலையில் இரண்டு வாளி. அதுவும் மாதத்துக்கு மாதம் கரித்துக்கொண்டு வந்தது. அவளுடைய நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டிக்கு இரண்டு வயது. வயிற்றுப்போக்கு நிற்பதாக இல்லை. மருத்துவமனைத் தாதி பார்த்துவிட்டு ஒரே ஒரு மருந்தைச் சொன்னாள்: நல்ல தண்ணீர். அந்த மருந்து தற்போது இருப்பில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

எனவே விமானம் இறங்கிய அன்றே மகுரீட்டா நேராகக் கைதாராவிடம் போனாள். அவன் அவளுக்கு அம்மா வழியில் தம்பி முறை.

"தம்பி, புபுசி. எனக்கு ஒரு தொட்டி வேணும்."

கைதாராவின் முகம் வெளிறியது. காரணம் இல்லாமல் இல்லை. இந்தத் தீவுகளில் உறவுக்காரர் ஒருவர் எதிரே வந்து 'புபுசி' என்று சொல்லி ஒன்றைக் கேட்டுவிட்டால், கேட்கப்பட்டவர் இல்லை என்று சொல்ல முடியாது. சட்டையானாலும் படகானாலும் கொடுத்தே ஆகவேண்டும். மறுத்தவனின் மானம் பொழுது சாய்வதற்குள், தீவுகள் வளைத்து நிற்கும் உள்கடலை ஒரு சுற்றுச் சுற்றிவந்துவிடும். ஓர் அரசாங்கத்தை நடத்துவதற்கு இதைவிடப் பெரிய இடையூறு இருக்க முடியாது. அரசாங்கம் நிற்பதே 'இல்லை' என்ற சொல்லின் மேல்தான். அதனால்தான் இங்கே படிவம் அவ்வளவு அன்போடு வரவேற்கப்பட்டது. காகிதத்துக்கு மாமன் மச்சான் கிடையாது.

"அக்கா, நானா இருந்தா இப்பவே குடுத்துடுவேன். என் சட்டையக் கேளுங்க, இங்கயே கழட்டித் தரேன்."

"உன் சட்டைல எத்தன லிட்டர் பிடிக்கும்?"

"படிவம்தான்க்கா விட மாட்டேங்குது."

"அது யாரு பெத்த புள்ள? கூட்டிட்டு வா, நான் அதுகிட்டயே கேக்கறேன்."

"நாளைக்கு மனியாபாவுல கூட்டம் இருக்கு. பிரிஸ்பேன்லேருந்து வந்த அம்மா எல்லாம் விளக்குவாங்க. வந்துடுங்கக்கா."

மறுநாள் ஊர் மன்றமான மனியாபாவின் கூரையின் கீழ் அத்தனை குடும்பங்களும் பாயில் அமர்ந்திருக்க, இமோஜென் வண்ணப்படம் ஒன்றை விரித்தாள். 'உலகைக் காக்க இல்லத்தில் பத்து எளிய வழிகள்.' அவள் சொல்லச் சொல்லக் கைதாரா மொழிபெயர்த்தான். நல்ல பெண் அவள். வெயிலில் சிவந்து, கொசுக்கடியில் தடித்து, ஒவ்வொரு வழியையும் ஒரு புதையலைப் போல எடுத்து நீட்டினாள்.

"வழி ஒன்று: துணிகளை இயந்திரத்தில் உலர்த்தாமல் வெயிலில் உலர்த்துவோம்."

மகுரீட்டாவின் பக்கத்து வீட்டு மொய்வா அவள் காதருகே குனிந்தாள். "வெயில்ல காயப்போடாம வேற எங்கக்கா போடுவாங்க?"

"ஒரு பெட்டி இருக்குடி. கடைக்காரர் தெவேயா வீட்ல பாத்திருக்கேன். உள்ள போட்டா சூடு பண்ணிக் காய வெக்கும்."

"வெளில இவ்வளவு வெயில் அடிக்கறப்பவா?"

"ஏழைங்க துணியும் அதே வெயில்ல காயுதுல்ல, அது புடிக்காம இருக்கும்."

"வழி மூன்று: அருகில் உள்ள இடங்களுக்கு வாகனத்தைத் தவிர்த்து நடந்து செல்வோம்."

மகுரீட்டாவின் கணவன் பரானிகோ, மீன்பிடிப்பவன், மரியாதையாகக் கை தூக்கினான். "ஒரு சந்தேகம். தூரத்துல இருக்கற இடம்னா எது? கிழக்க நடந்தா நானூறு அடில கடல். மேக்க நடந்தா நானூறு அடில உள்கடல். அதுக்கு மேல நடக்கணும்னா இயேசுநாதராதான் இருக்கணும்."

மனியாபா சிரித்தது. இமோஜென்னும், என்னவென்று தெரியாமலே, மனமாரச் சிரித்தாள்.

அடுத்தடுத்த வழிகளும் இவ்வாறே நிறைவேறின. குளிரூட்டியை இருபத்துநான்கில் வையுங்கள். மாட்டிறைச்சியைக் குறைத்து உள்ளூர் உணவை உண்ணுங்கள். வெந்நீர்க் குளியலை நான்கு நிமிடத்துக்குள் முடியுங்கள். ஆறாவது வழி, 'தேவையற்ற விமானப் பயணத்தைத் தவிர்ப்போம்' என்பது. அதைக் கைதாரா மிக மெல்லிய குரலில் மொழிபெயர்த்தான். விருந்தினர் மனம் நோகலாகாது என்று கூட்டம் முழுவதும் ஒருசேரக் கூரையைப் பார்த்தது. ஒன்பதாவது வழி மழைநீரைச் சேமிப்பது. அப்போது மட்டும் எல்லாத் தலைகளும் வெளியே, வாய் கட்டப்பட்டு நின்ற பத்துத் தொட்டிகளின் பக்கம் திரும்பின.

முடிவில் வீட்டுக்கொரு பரிசுப் பை வழங்கப்பட்டது. 'என் இல்லம் என் பூமி' என்று அச்சிட்ட பருத்திப் பை. அதனுள் எஃகுக் குடுவை, மூங்கில் பல்துலக்கி, பாக்குமட்டைக் கரண்டி. ஒவ்வொன்றும் தனித்தனியே நெகிழி உறையில் இடப்பட்டிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு அந்தப் பை இல்லாமல் போனவர்கள் மதிப்பிழந்தார்கள். தாழையோலைக் கூடை முடைவதில் தீவிலேயே கைதேர்ந்த மொய்வா, தன் கூடையைப் பருத்திப் பைக்குள் ஒளித்து எடுத்துச் சென்றாள். இளநீரைச் சீவி அப்படியே குடித்துக்கொண்டிருந்த ஆண்கள், அதைக் குடுவையில் ஊற்றி, மூடி, திறந்து, குடிக்கப் பழகினார்கள். இயற்கையோடு இயைந்த வாழ்வுக்கு ஓரளவு பயிற்சி தேவைதான்.

கணக்கெடுப்புக்காக இமோஜென்னும் கைதாராவும் மகுரீட்டாவின் வீட்டுக்கு வந்தார்கள். சுவரில்லாத வீடு, நான்கு கம்பம், ஓலைக் கூரை, உயர்த்திக் கட்டிய மேடை. மகுரீட்டா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"குளிரூட்டி?"

"இல்ல."

"குளிர்பதனப் பெட்டி?"

"இல்ல."

"வாகனம்? சலவை இயந்திரம்? மின்விளக்கு?"

"சூரிய விளக்கு ஒண்ணு. அதுவும் அழுது வடியுது."

"வாரத்துக்கு எத்தன நாள் மாட்டிறைச்சி சாப்பிடறீங்க?"

"கல்யாணம், சாவு. அதுவும் தகர டப்பால வர்றது."

கைதாராவின் பேனா களைத்துப்போனது. கூட்டிப் பார்த்தால் எரிக்கும் தேங்காய் மட்டையைத் தவிர வேறொன்றும் தேறவில்லை. தேங்காய் மட்டை திட்ட விதிகளின்படி கணக்கில் வராது. ஆக, இக்குடும்பத்தின் அடிப்படைப் புகை உமிழ்வு பூஜ்யம்.

"அப்ப தொட்டி எப்ப வரும்?" என்றாள் மகுரீட்டா.

"அதுலதான்க்கா ஒரு சின்னச் சிக்கல். அடிப்படைலேருந்து இருபது சதவீதம் குறைச்சுக் காட்டற வீட்டுக்குத்தான் தொட்டி."

"பூஜ்யத்துல இருபது சதவீதம் எவ்வளவு?"

கைதாரா யோசித்தான். "பூஜ்யம்."

"குறைச்சாச்சு. கொண்டா தொட்டிய."

இது இமோஜென்னிடம் மொழிபெயர்க்கப்பட்டது. அவள் மடிக்கணினியில் எண்களைப் போட்டாள். பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று கணினி சிவப்பெழுத்தில் மறுத்துவிட்டது. அவள் கண்கள் கலங்கின, உண்மையாகவே கலங்கின. அவள் சொன்னதைக் கைதாரா தலை குனிந்தபடி மொழிபெயர்த்தான்.

"அம்மா சொல்றாங்க, உங்க வீடு ரொம்ப உன்னதமான வீடாம். ஆனா முன்னேற்றத்துக்கு இடமே இல்லாத வீடாம்."

முன்னேற்றத்துக்கு இடமிருந்த வீடு ஊரில் ஒன்று இருந்தது. கடைக்காரர் தெவேயாவிடம் ஜெனரேட்டர் ஒன்று, உறைபெட்டிகள் இரண்டு, சரக்கு வண்டி ஒன்று, கப்பலில் வேலை பார்க்கும் தம்பி அன்பளிப்பாகக் கொண்டுவந்த துணி உலர்த்தும் இயந்திரம் ஒன்று என்று எல்லாம் இருந்தன. அவர் உறைபெட்டிகளில் ஒன்றை அணைத்துவைத்தார். அது பழுதாகி ஆறு மாதம் ஆகியிருந்தது என்பது வேறு விஷயம். உடனடியாக அவருக்கு முதல் தொட்டியும், 'பூமியின் தோழர்' சான்றிதழும், மாலையும் வழங்கப்பட்டன. ஏற்கெனவே அவர் வீட்டில் இரண்டு தொட்டிகள் இருந்தன. மூன்றாவதை எங்கே வைப்பது என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே தண்ணீர்ப் பிரச்சினை.

மகுரீட்டா வீட்டுக்கு வந்து வாளியை வைத்த வேகத்தில் பாதித் தண்ணீர் சிந்தியது. வலை பின்னிக்கொண்டிருந்த பரானிகோ நிமிர்ந்து பார்த்தான்.

"நாம பண்ண தப்பு என்னன்னு தெரியுமாய்யா? நாம எதையும் கெடுக்கல. கெடுத்தவனுக்குத்தான் திருந்த வழி இருக்கு. திருந்தினவனுக்குத்தான் தொட்டி இருக்கு."

"கோயில்லயும் அதத்தானே சொல்றாங்க. காணாமப் போன ஆட்டுக்குத்தான் மவுசு."

மகுரீட்டா வலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, குழந்தையை அவன் மடியில் போட்டுவிட்டு, மீண்டும் கைதாராவிடம் போனாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. வண்டி எங்க பேர்ல இருக்கணுமா, நாங்க ஓட்டினா போதுமா?"

கைதாரா விதிமுறை நூலைப் புரட்டினான். "'குடும்பத்தினர் பயன்படுத்தும்'னு இருக்கு. 'சொந்தமான'னு இல்ல."

"எத்தன நாள் பயன்படுத்தணும்?"

"அடிப்படைய மறுபடி நிர்ணயிக்க ஆறு வாரம்." பிறகுதான் அவனுக்கு விளங்கியது. "அக்கா! வேண்டாம்க்கா!"

அவள் அதற்குள், தனக்கு அண்ணன் முறையான தெவேயாவின் கடை வாசலில் இருந்தாள்.

"புபுசிண்ணே."

தெவேயா அரிசி அளந்துகொண்டிருந்தார். "எத்தன படி?"

"அரிசி இல்ல. வண்டி."

கடைக்காரரின் கை நின்றது. "...எதுக்கு?"

"ஓட்றதுக்கு. அப்பறம் ஜெனரேட்டர். அப்பறம் அந்த நல்ல உறைபெட்டி. அப்பறம் துணி காய வெக்கற பெட்டி."

"பெட்டியுமா! உங்கிட்ட இருக்கறதே மூணு பாவாடை!"

"மூணையும் முப்பது தடவை காய வெச்சுக்கறேன்."

அரிசி வாங்க வந்த ஐந்து பேர் சாட்சியாக நின்றிருந்தார்கள். மூன்று தலைமுறை மானம் ஒருபுறம், ஜெனரேட்டர் ஒருபுறம். தெவேயா பெருமூச்சு விட்டார். "எடுத்துட்டுப் போ. மிச்சம் என் பொண்டாட்டி ஒருத்திதான் இருக்கா, அவளையும் கேட்டுடாத."

"அண்ணி புகை விடுவாங்கன்னா சொல்லுங்க, அவங்களையும் எழுதிக்கறோம்."

செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் காலை மொய்வா வந்து மகுரீட்டாவிடம் புபுசி கேட்டாள். மதியம் இன்னொருத்தி மொய்வாவிடம் கேட்டாள். மீதமிருந்தது ஒன்பது தொட்டி; களத்தில் இறங்கியது ஒன்பது வீடு. வாரத்தின் ஏழு நாட்களையும் காலை, மாலை என்று பகுத்து முறை வைத்தார்கள். தெவேயாவின் உடைமைகள் வீடு வீடாகத் திருவிழாச் சிலை போல் ஊர்வலம் போயின. கைதாரா முதலில் திகைத்தான். பிறகு தலைநகருக்கு எழுதிக் கேட்டான். தலைநகரிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது: அடிப்படை நிர்ணயத்தில் மக்கள் இவ்வளவு ஆர்வம் காட்டுவது இதுவே முதல்முறை. அவர்களது முயற்சி எரிபொருள் இன்றித் தடைப்படலாகாது என்பதற்காக இருபது பீப்பாய் டீசல், 'அடிப்படை நிர்ணய உதவி' என்ற தலைப்பின்கீழ், அடுத்த கப்பலில் அனுப்பப்பட்டது.

நுகதேரா புகைந்தது. வண்டி தேவாலயத்துக்கும் படகுத்துறைக்கும் இடையே ஏற யாருமின்றிப் போயும் வந்தும் கொண்டிருந்தது. பரானிகோ வண்டி ஓட்டக் கற்று, வீட்டிலிருந்து முப்பது அடி தள்ளியிருந்த மனியாபாவுக்கு வண்டியில் போய் இறங்கினான். திரும்பும்போது பின்பக்கமாகவே ஓட்டி வந்தான். பெண்கள் துணிகளை முதலில் வெயிலில் நன்றாகக் காயவைத்து, பிறகு இயந்திரத்தில் போட்டார்கள். ஈரத்துணி போட்டால் அடுத்த வீட்டு முறை வருவதற்குள் காயாது. மொய்வாவின் ஒரே போர்வை அவள் முறை வந்தபோதெல்லாம் நான்கு தடவை உலர்ந்து, மூன்றாவது வாரத்தில் மீன்வலை போல ஆயிற்று. உறைபெட்டியில் வைக்க எதுவும் இல்லாதவர்கள் கிணற்று நீரை வைத்தார்கள். உப்புத் தண்ணீர் உப்புக் கட்டியானது.

கைதாரா வாரந்தோறும் அளவெடுக்க வந்தான். பொறுப்புள்ள அலுவலர், கடமையில் குறை வைக்கமாட்டான்.

"அக்கா, இந்த வாரம் உங்க வீட்டு உமிழ்வு கொஞ்சம் கம்மியா இருக்கு. மொய்வாக்கா உங்களத் தாண்டிட்டாங்க. நீங்க இன்னும் நல்லா முயற்சி பண்ணணும்."

"செவ்வாக்கிழம ஜெனரேட்டர் ஓடலடா. அதான்."

"சாக்கு சொல்லாதீங்கக்கா. ரெண்டு வாரம்தான் இருக்கு."

ஐந்தாவது வாரம் பருவத்தின் முதல் மழை வந்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. மன்ற அலுவலகத்தின் முன்னால் ஒன்பது தொட்டிகள் வாய் மூடி நனைந்துகொண்டு நின்றன. அவற்றின் முதுகில் வழிந்த அத்தனை துளிகளும் மணலில் இறங்கிக் கடலைப் போய்ச் சேர்ந்தன. மகுரீட்டா கையில் கிடைத்த பாத்திரமெல்லாம் வெளியே வைத்தாள். வாளி, சட்டி, எஃகுக் குடுவை. பிடித்த தண்ணீரைக் கடைக்குட்டிக்கு மட்டும் கொடுத்தாள். குழந்தை நான்கு நாள் நன்றாக இருந்தது. ஐந்தாம் நாள் மறுபடியும் கிணற்றுத் தண்ணீர், மறுபடியும் வயிறு. அவள் கைதாராவைத் தேடிப் போய், ஒன்றும் கேட்காமல், குழந்தையை மட்டும் அவன் முன்னால் நிறுத்தினாள். கைதாரா குழந்தையைப் பார்க்கவில்லை. படிவத்தைப் பார்த்தான்.

"இன்னும் எட்டே நாள்க்கா," என்றான். சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் உடைந்தது என்பதையும் பதிவு செய்யவேண்டும். அதற்குப் படிவத்தில் இடமில்லை.

ஆறு வாரம் முடிந்தது. ஏழாவது வாரத் திங்கட்கிழமை காலை அத்தனை வீடுகளும் அத்தனை பொருட்களையும் தெவேயாவின் கடையில் கொண்டுபோய்ச் சேர்த்தன. உமிழ்வு நின்றது. வீழ்ச்சி: நூறு சதவீதம். உலகில் எந்த நாடும், எந்த நகரமும், எந்தத் தெருவும் எட்டாத சாதனை. இமோஜென் விமானம் பிடித்து வந்து, மகுரீட்டாவைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

"எப்படி இதச் சாதிச்சீங்கன்னு அம்மா கேக்கறாங்க," என்றான் கைதாரா.

"மன உறுதிதான்னு சொல்லு."

மன உறுதி எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்கவில்லை. அன்று மதியம் பரானிகோ இளநீர்க் குடுவையை முன்னால் வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தபடி இருந்தான்.

"ஐஸ் இல்லாம இத எப்படிக் குடிக்கறது?"

"முப்பத்தெட்டு வருஷமா எப்படிய்யா குடிச்ச?"

"அப்ப எனக்கு அடிப்படையே இல்லையேம்மா."

அவன் மட்டுமல்ல. முப்பதடி மனியாபாவுக்கு நடப்பது எல்லோருக்குமே தூரமாகிவிட்டிருந்தது. வெயிலில் காய்ந்த துணி மொரமொரவென்று இருக்கிறது, பெட்டியில் காய்ந்தால்தான் மெத்தென்று இருக்கும் என்று மொய்வாவே சொன்னாள். மகுரீட்டா அவளைத் திட்ட வாயெடுத்து, தன் கையும் பாவாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

தொட்டி வந்தது. மாலை போட்டுத்தான் வந்தது. எட்டுப் பேர் உருட்டிக்கொண்டு வந்து வீட்டின் பக்கத்தில் நிறுத்தினார்கள். மகுரீட்டா அதைச் சுற்றிவந்தாள். பிறகு எதிர்ப்பக்கமாக இன்னொரு முறை சுற்றிவந்தாள்.

"குழாய் எங்க? கூரைத் தண்ணிய உள்ள விடற தகரம் எங்க?"

"தொட்டி முதல் கட்டம்க்கா," என்றான் கைதாரா. "தகரமும் குழாயும் ரெண்டாம் கட்டம்."

மகுரீட்டா மூன்றாம் முறை சுற்றத் தொடங்கினாள். அது கைதாராவுக்குப் பயத்தைக் கொடுத்தது. அவசரமாக நல்ல செய்தியைச் சொன்னான். நுகதேரா இப்போது உலகத் தரத்துக்கு உயர்ந்துவிட்டது. எனவே இரண்டாம் கட்டத்துக்கு உள்ளூர்ப் படிவம் இல்லை. பிரிஸ்பேன் வீடுகளுக்கான அதே படிவம். அதுமட்டுமல்ல, நுகதேரா விடாமல் சேமித்த புகையைப் பிரிஸ்பேனில் ஒரு குடும்பம் தன் பெயருக்கு மாற்றி வாங்கிக்கொண்டிருக்கிறது. அவர்கள் தங்கள் நீச்சல் குளத்தைக் குளிர்காலம் முழுவதும் மனச்சாட்சி உறுத்தாமல் சூடாக்கிக்கொள்ளலாம். மிகவும் நன்றி தெரிவித்திருக்கிறார்கள்.

"குளத்த எதுக்குச் சூடு பண்ணணும்?"

"குளிக்கறதுக்குக்கா."

"குளிரடிச்சா குளிக்காம இருக்க மாட்டாங்களா?" அவள் இமோஜென்னைப் பார்த்தாள். "எங்க புகைய எடுத்துக்கிட்டாங்களே, எங்ககிட்ட யாராவது புபுசி கேட்டாங்களா?"

இமோஜென் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தாள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்போம். கேக்காம எடுத்தா அதுக்கு எங்க ஊர்ல வேற பேரு. இத அப்படியே சொல்லு தம்பி, குறைக்காம சொல்லு."

கைதாரா இருபது சதவீதம் குறைத்துத்தான் சொன்னான்.

மறு விமானம் வர இன்னும் ஐந்து நாள் இருந்தது. மூன்றாம் நாள் அமாவாசை. ஆண்டின் மிகப் பெரிய கடலேற்றமான பேரோதம் அன்று காலை ஏறியது. முன்பெல்லாம் கரையோடு நின்று திரும்பும் கடல், இம்முறை தென்னந்தோப்பைக் கடந்து, மகுரீட்டாவின் வீட்டுப் பின்புறம் இருந்த கிழங்குக் குழிக்குள் இறங்கியது. நன்னீர்ச் சேற்றில் மட்டுமே விளையும் கிழங்கு, மூன்றாண்டுப் பயிர். குழி நிரம்பி, முற்றம் நிரம்பி, புத்தம்புதிய தொட்டியின் கழுத்திலிருந்த மாலை காற்றில் ஆட, அதன் காலைக் கடல் நனைத்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கைதாராவும் இமோஜென்னும் இரண்டாம் கட்டப் படிவத்தோடு, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, முழங்காலளவு நீரில் நடந்து வந்தார்கள். மகுரீட்டா மேடை மீது பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். பரானிகோ மூழ்கிய செடிகளைப் பிடுங்கிக் கரையேற்ற முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு நாள் வரட்டுமாக்கா?"

"எழுத வந்தவன் எழுதிட்டுப் போ. எனக்குக் குழாய் வேணும்."

கைதாரா படிவத்தை விரித்தான். முதல் கேள்வியிலேயே அவன் குரல் தாழ்ந்தது. "நீச்சல் குளம் உண்டா?"

பரானிகோ சிரிக்கத் தொடங்கினான். மகுரீட்டா சிரிக்கவில்லை. இல்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்பதை அவள் ஒருமுறை படித்துவிட்டாள்.

"இருக்கு. அதுலதான் நீ நிக்கற."

கைதாரா குனிந்து பார்த்தான். ஒன்று, என்று எழுதினான். "சூடாக்கப்பட்டதா?"

"அம்மாவக் காலணியக் கழட்டிட்டுப் பாக்கச் சொல்லு."

இமோஜென் கழற்றிவிட்டு நின்றாள். நீர் அவள் கால்களைச் சுற்றி இளஞ்சூடாக அசைந்தது. "ஆமா," என்றாள் அவர்கள் மொழியிலேயே, முதல்முறையாக. பிறகு ஒரு கணம் நீரைப் பார்த்தபடி இருந்துவிட்டு, "போன வருஷ அளவவிட," என்று எதையோ சொல்ல வந்து நிறுத்தினாள்.

"சூடாக்குபவர் யார்?" என்று வாசித்தான் கைதாரா.

மகுரீட்டா அவனைப் பார்த்தாள், இமோஜென்னைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், தன் மடியில் மெத்தென்று கிடந்த பாவாடையைப் பார்த்தாள்.

"கூட்டா பண்றதுதான். எல்லாருமா முறை வெச்சு."

கூட்டுப் பயன்பாடு, என்று கைதாரா எழுதினான். கூட்டுப் பயன்பாடு எனில் சூடாக்குவோர் ஒருவர் விடாமல் கையொப்பமிட வேண்டும், அதன் பிறகே குழாய் வழங்கப்படும் என்று கீழே அச்சிட்டிருந்தது. இமோஜென் முதலில் போட்டாள். கைதாரா போட்டான். பரானிகோ வண்டி ஓட்டிய ஆறு வாரத்தை நினைத்துக்கொண்டு போட்டான். மகுரீட்டா குழந்தையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு போட்டாள். அதற்குள் இடம் தீர்ந்துவிட்டதால் கூடுதல் தாள்கள் இணைக்கப்பட்டு, படிவம் மற்றவர்களின் கையொப்பத்துக்காகச் சுற்றுக்கு விடப்பட்டிருக்கிறது. தொட்டி இன்னும் காலியாகத்தான் நிற்கிறது. உங்கள் வீட்டுக்குப் படிவம் வரும்போது தயவுசெய்து தாமதிக்காதீர்கள். அங்கே ஒரு குழந்தைக்குத் தாகம்.